பைப்படியில் எடுத்த படம்

கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் வளர்ந்து, இப்போது வெள்ளவத்தை மாடி வீடுகளில் லிப்ட் எப்போது பழுதாகுமோ என்ற பயத்தோடு இருக்கும் என் வயதுக்காரர்களே, போன மாதம் உங்களில் யாராவது அந்தப் படக் கண்காட்சிக்குப் போனீர்களா? போகாவிட்டால் நல்லது. நான் போய்வந்து வயிறெரிந்துகொண்டிருக்கிறேன். பிரஷர் குளிசை போட்டும் இறங்கவில்லை. "பழைய கதை, விடுங்கோ அம்மா" என்கிறாள் மகள். விடமாட்டேன். எழுதி முடித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

தோட்டம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பூமரமும் புல்லும் என்று நினைக்கிறார்கள். உங்களுக்குத்தானே தெரியும். நடுவில் சிமெந்து முற்றம், இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு பைப், மூலையில் கக்கூஸ். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எல்லார் வீட்டுச் சோற்றிலும் அந்த வாசம் இருக்கும். ஒரு வீட்டில் புருசன் பெண்சாதி சண்டை என்றால் மற்ற வீடுகளில் ரேடியோவைக் குறைத்துவிடுவார்கள். மரியாதைக்கு அல்ல, கேட்பதற்கு.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியிருந்தவர்கள். அப்பாவுக்குப் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கிளாக்கர் வேலை. எதிரில் முன்வீட்டு மாமி. அவருடைய ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து இரண்டு தலைமுறை. தோட்டத்து வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர், எங்களுக்கெல்லாம் நானா, கடைக்குப் பின்னாலேயே குடும்பத்தோடு இருந்தார். கடைசி வீட்டில் ஒரு சிங்களக் குடும்பம். பைப்படியில் எல்லாருக்கும் ஒரே வரிசை. அதில் முந்தினால் எந்தப் பாஷையிலும் ஏச்சு விழும்.

எனக்கு அப்போது நாலாம் வகுப்பு. தம்பி நடக்கப் பழகி, ஓடப் பழகிக்கொண்டிருந்தான். அம்மா அவனைச் சின்னவன் என்பார். காலில் கறுப்பு நூல் கட்டியிருந்தார். அந்த நூலைக் கடித்துக் கடித்து ஈரமாக்கி வைத்திருப்பான். பவுடரும் பாலும் கலந்து ஒரு புளித்த வாசம் அவனுக்கு. அது மட்டும் எனக்கு இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது. முகம் நிற்கவில்லை. அதுதான் இந்தக் கதை.

ஆடிவேல் திருவிழா வந்தால் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேல் தேர் பார்க்கப் போகும் முன், குடும்பம் குடும்பமாகப் பெரிய தெருவில் இருந்த ஸ்டூடியோவில் ஏறி இறங்குவோம். வருசத்துக்கு ஒரு படம். அதற்கு ஒரு சீலையும் இருந்தது. முன்வீட்டு மாமியின் மாம்பழ நிறப் பட்டுச்சீலை. அது மாமியின் கலியாணச் சீலை என்று பேர்தான், தோட்டத்தின் பொதுச்சொத்து. ஒருத்தி உடுத்துப் படமெடுத்து, ஸ்டூடியோவின் திரைக்குப் பின்னாலேயே களைந்து அடுத்தவளிடம் கொடுப்பாள். எங்கள் எல்லாருடைய வீட்டு அல்பங்களையும் ஒன்றாகப் பார்த்தால், ஒரே பெண்ணுக்குப் பல புருசன்மார் என்று நினைப்பீர்கள். ஸ்டூடியோச் சுவரில் எங்கேயும் போய்ச் சேராத ஒரு மாடிப்படி வரைந்திருக்கும். பிளாஸ்டிக் டெலிபோன் ஒன்று இருக்கும். அதன் வயர் கையோடு வந்துவிடும். நூலில் கட்டிய சீப்பால் எல்லாரும் தலை இழுப்போம். பெரிய லைட்டுப் போட்டால் முகப் பவுடர் வேர்வையில் திட்டுத் திட்டாகும்.

படத்தில் பெரியவர்கள் சிரிக்கக்கூடாது. "பல்லுத் தெரிஞ்சா மரியாதையில்லை" என்பார் அம்மா. கமராவுக்கு முன்னால் வாயை இறுக்கி மூடி, கண்ணை நேரே வைத்து, நீதவான் மாதிரி நிற்பார். படம் எடுத்து முடிந்ததும் மூச்சை விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எந்தப் படத்திலும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கண்காட்சிக்காரர் எழுதி ஒட்டியதை நான் சொல்லும்போது உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருசம் ஆடிக்கு முன்னால்தான் கமராக்காரர் வந்தார். பணக்காரர் குடியிருக்கும் கறுவாத்தோட்டத்துப் பெரிய வீட்டு மனிதர். இங்கிலாந்தில் படித்தவர். காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, கழுத்தில் இரண்டு கமராவோடு முற்றத்துக்கு வந்து நின்றார். சேர்ந்து வாழும் சனங்களின் வாழ்க்கையைப் படங்களாகப் பதிந்து வைக்கப் போகிறாராம். அப்பாவுக்குத் தலைகால் தெரியவில்லை. கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"எங்கட ஆள்தான். எவ்வளவு படிச்ச மனிசன், எங்கட முத்தத்தில வந்து நிக்கிறார்" என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார்.

அந்தக் கிழமை முழுக்கத் தோட்டமே பட்டுச்சீலைக்கு அலைந்தது. முறைவைத்து உடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். ஆண்கள் சேர்ட்டை ஸ்திரி போட்டு, கைக்கடிகாரம் தெரிய மடித்துவிட்டு நின்றார்கள். ரேடியோவை ஜன்னலில் தூக்கி வைத்தார்கள், படத்தில் விழட்டும் என்று. கமராக்காரர் எல்லாரையும் நிற்கவைத்து டிக் டிக்கென்று எடுத்தார். எடுத்து முடித்து, "வெரி குட், வெரி குட்" என்றார். எல்லாருக்கும் சந்தோசம். அவருக்குப் பிளேன்டீ போட்டுக் கொடுத்தது அம்மா. வந்த நாளெல்லாம் அம்மாவின் கையால்தான் அவருக்குத் தேத்தண்ணி. "அக்கா, கொஞ்சம் சீனி" என்று கேட்டுக் குடிப்பார்.

பிறகு மெல்லமெல்ல ஆரம்பித்தார். "இந்தச் சீலை வேண்டாம், வீட்டில உடுக்கிறதை உடுங்கோ." "அந்த ரேடியோவை உள்ள வையுங்கோ." "பிளாஸ்டிக் வாளி வடிவில்லை." கடைசியில் தன் காரிலிருந்து ஒரு மண்குடத்தை இறக்கினார். கொட்டாஞ்சேனைப் பைப்படியில் மண்குடம். எங்கள் வீடுகளில் மண்குடமே இல்லை. எல்லாரிடமும் இருந்தது புது பிளாஸ்டிக் வாளி, நீலமும் சிவப்பும். அதைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. படித்த மனிதர், காரணமிருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

கேட்ட ஒரே ஆள் தேத்தண்ணிக் கடை நானா. கமராக்காரர் கடைக்குள் எட்டிப் பார்த்து, பின்பக்கம் நின்ற நானாவின் மனைவியை நோக்கிக் கமராவை உயர்த்தினார். நானா எழும்பி வந்து நடுவில் நின்றார்.

"சேர், எடுத்தா அந்தப் படத்த எங்களுக்குக் கொண்டுவந்து தருவீங்களா?"

"பார்ப்பம், நானா."

"பார்ப்பம்னா வாணாம் சேர். கடய எடுங்க, வெளியால நிண்டு. வீட்ட எடுக்க வாணாம்."

அன்றைக்கு அப்பா எப்படிக் கோபப்பட்டார் தெரியுமா? "தலைக்கனம் பிடிச்ச மனிசன். பெரிய மனிசரோட எப்பிடிக் கதைக்கிறதெண்டு தெரியாது" என்று முற்றமெல்லாம் கேட்கச் சொன்னார். தோட்டம் முழுக்க நானாவின் கடையில் சில நாள் தேத்தண்ணி குடிக்காமல் விட்டது. இப்போது நினைத்தால் எங்கள் பெரியவர்களைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. அந்த முற்றத்தில் புத்தியோடு ஒரு கேள்வி கேட்டவருக்கு எங்கள் ஆட்கள் கொடுத்த மரியாதை அது.

அம்மாவுக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ இருந்தது. ஆடிவேலுக்கு முந்தின கிழமை, சீலையை முறை சொல்லி வைத்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்.

"இஞ்சேருங்கோ, ஸ்டூடியோவுக்கு எப்ப போறது? சின்னவனை இன்னும் ஒரு படம் எடுக்கேல்லை."

"ஸ்டூடியோ என்னத்துக்கு? சேர் எத்தினை படம் எடுத்துப்போட்டார்."

"அவர் தருவாரோ தெரியாது. ஒருக்காப் போயிட்டு வருவம்."

"நீர் சும்மா இரும். லண்டனில படிச்ச மனிசன் எடுத்த படம் இருக்க, அந்தக் கண்டறியாத மாடிப்படிக்கு முன்னால நிக்கோணுமே?"

அந்த வருசம் நாங்கள் ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. நாங்கள் மட்டுமில்லை, தோட்டத்தில் ஒருவருமே போகவில்லை. எல்லாருக்கும் சேர் படம் தருவார் என்ற நம்பிக்கை. வேல் பார்த்துவிட்டுக் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கமராக்காரரும் அதோடு வருவதை நிறுத்திவிட்டார். மண்குடத்தை மறக்காமல் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

மழை தொடங்கத் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் வீட்டு வைத்தியம், பிறகு டிஸ்பென்சரி மருந்து, பிறகு பெரியாஸ்பத்திரி. கொண்டுபோன அம்மா வெறுங்கையோடு வந்தார். அதை நீட்டி எழுத எனக்குத் தெம்பில்லை.

எல்லாம் முடிந்தபிறகு அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவன்ர படம் ஒண்டு வேணும்." வீட்டில் ஒன்றுகூட இல்லை. அப்பா வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கறுவாத்தோட்டத்துக்குப் போனார். கேற்றில் நின்ற காவல்காரன், சேர் வெளிநாடு போய்விட்டார் என்றான். பிறகும் போனார். படமெல்லாம் சேருடைய அறையில் பூட்டியிருக்கிறது, சாவி சேரிடம் என்றார்களாம். போய்ப் போய், ஒரு நாள் கேற்றே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அம்மா அவரை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் அந்த வீட்டில் எல்லாருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

அப்பாவில் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. அவர் செத்து இத்தனை வருசத்துக்குப் பிறகும் தீரவில்லை. என் கலியாண அல்பத்தில் அவர் இல்லை. படமெடுக்கிற நேரமெல்லாம் சமையல் பக்கம் போய் நின்றுகொண்டார். அது அவர் தனக்குத்தானே கொடுத்த தண்டனை என்று மகள் சொல்கிறாள். இருக்கலாம். அதனால் அம்மாவுக்கு என்ன கிடைத்தது?

சரி, போன மாதத்துக்கு வருகிறேன். முன்வீட்டு மாமியின் மகள் போனில் ஒரு போஸ்டரை அனுப்பினாள். "அக்கா, இது உங்கட அம்மாவெல்லோ?" என்று கேட்டிருந்தாள். பார்த்தேன். அம்மாதான். முப்பது வயது அம்மா, பைப்படியில், பழைய வீட்டுச் சீலையோடு, பக்கத்தில் அந்தப் பாழாய்ப்போன மண்குடம். வாயை இறுக்கி மூடி, நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இடுப்புக்குக் கீழே, படத்தின் ஓரத்தில், ஒரு சின்னக் கால் தொங்குகிறது. கறுப்பு நூல் கட்டிய கால்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போனேன். கொழும்பு ஏழில் ஒரு மண்டபம். எலும்பு குளிரும் ஏசி. வடையை ஆட்டுக்குட்டிப் பல் அளவுக்குச் சுட்டு, பல்லுக்குத்தும் குச்சியில் குத்தித் தட்டில் கொண்டுதிரிந்தார்கள். சுவர் முழுக்க எங்கள் முற்றம். மாமி துணி துவைக்கிறார். கடைசி வீட்டு மனிதர் கோடு போட்ட சாறத்தோடு பல் தீட்டுகிறார். பட்டுச்சீலை ஒன்றிலும் இல்லை. ஸ்திரி போட்ட சேர்ட் இல்லை. ரேடியோ இல்லை. எங்களுக்கு மரியாதையாக எது எது இருந்ததோ, அது எதுவுமே இல்லை.

அம்மாவின் படத்துக்குக் கீழே மூன்று பாஷையிலும் எழுதி ஒட்டியிருந்தது: "பெயர் அறியப்படாத பெண். நகர்ப்புற ஏழைத் தாயின் மௌனத் துயரம்." பெயர் அறியப்படாதவளாம். வந்த நாளெல்லாம் அவள் கையால் சீனி கேட்டு வாங்கிக் குடித்த மனிதருக்கு, பெயரை ஒருதரம் கேட்க வாய் வரவில்லை. துயரமாம். அது துயரமில்லை, படத்துக்கு நிற்கிற மரியாதை. பல் தெரியாமல் நிற்கிறார் என் அம்மா.

கமராக்காரர் உயிரோடுதான் இருந்தார். கைத்தடி, பட்டுச் சால்வை. மைக்கைப் பிடித்து இங்கிலீசில் பேசினார். சாதாரண சனங்கள் கமராவைக் கண்டால் வேஷம் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்களாம். அதனால் முதல் சில நாளைக்குப் பிலிம் போடாமலே எல்லாரையும் நிற்கவைத்துச் சும்மா பட்டனை அமத்திக்கொண்டிருப்பாராம். அவர்களுக்கு அலுத்தபிறகுதான் பிலிமைப் போடுவாராம். மண்டபம் சிரித்தது.

மாமியின் சீலைக்கு முறைவைத்து நின்ற அத்தனை பேரையும் நினைத்தேன். "வெரி குட்" என்று சொன்னாரே, அதையும் நினைத்தேன். பேச்சு முடிந்ததும் நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

"சேர், போஸ்டரில இருக்கிறது என்ர அம்மா."

முகம் மலர்ந்தது அவருக்கு. "ஓ. உண்மையாவா? இருக்கிறாவா இப்ப?"

"இருக்கிறா. அந்தக் கால் என்ர தம்பியின்ர."

"எந்தக் கால்?"

அவருக்குத் தெரியவில்லை. அத்தனை வருசமாக அந்தப் படத்தை ஊர் ஊராகக் கொண்டுதிரிந்தவருக்கு அதில் ஒரு கால் இருப்பது தெரியவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன்.

"அந்த வருசமே அவன் செத்துப்போனான். எங்களிட்ட அவன்ர படம் ஒண்டும் இல்லை. நீங்க வெட்டாத முழுப்படத்தைத் தாங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

படத்துக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். "ஞாபகம் வருது. அந்தக் குழந்தை சிரிச்சுப்போட்டுது. அந்தச் சிரிப்பு இருந்தா இது இந்தப் படமே இல்லை, விளங்குதா? அதாலதான் வெட்டினனான். வெட்டினதை நான் வெளியில குடுக்கிறதில்லை. அது என்ர கொள்கை."

கொள்கை. கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுத்தால் என்ன என்று கை துடித்தது, எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளை, கண்காட்சி நடத்துகிறவள், என் தோளைத் தொட்டாள். "ஆன்ட்டி, ஈமெயில் ஒண்டு போடுங்கோ. கமிட்டியில வைச்சுப் பார்ப்பம்." பார்ப்பமாம். நானாவுக்குச் சொன்ன அதே பார்ப்பம்.

வாசலுக்குத் திரும்பி வரும் வழியில், மண்டபத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. கலைஞர் வேலை செய்த விதத்தைக் காட்டுகிறார்களாம். ஒரு பிலிம் சுருளில் இருந்த படங்களையெல்லாம் முத்திரை அளவில் ஒரே தாளில் அச்சிட்டு, எது வேண்டும், எதை எங்கே வெட்டவேண்டும் என்று அவர் குறித்திருந்த தாள். குனிந்து பார்த்தேன். ஒரு முத்திரைக்குள் பைப்படி, அம்மா, மண்குடம். அம்மாவின் தோளிலிருந்து கீழே வரை சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், இடுப்பில், முழுசாக, என் தம்பி.

கண்ணாடியில் என் மூச்சுப் படிந்து மறைத்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். காவலுக்கு நின்ற சிங்களப் பொடியன் ஓடிவந்தான். "அக்கே, போட்டோ கண்ட பே." படம் எடுக்க முடியாதாம், போர்ட் போட்டிருக்கிறதாம்.

"மே மகே மல்லி" என்றேன். இது என் தம்பி.

அவன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி நின்றான். நான் எடுத்தேன். எத்தனை எடுத்தேன் என்று தெரியாது.

அடுத்த நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவிடம் காட்டினேன். எண்பது தாண்டிவிட்டது, ஒரு கண்தான் தெளிவு. போனை அந்தக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். நான் விரலால் இழுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

"ஆர்ரை பிள்ளை இது?"

"வடிவாப் பாருங்கோ அம்மா."

நேரமெடுத்தார். கட்டிலில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சின்னவன்."

"நெத்தி என்ர ஐயாவைப்போல கிடக்குது. எனக்கு இவன்ர முகம் மறந்துபோச்சுப் பிள்ளை. நான் இவ்வளவு காலமும் உன்ர சின்ன வயசு முகத்தைத்தான் அவனுக்கு வைச்சு நினைச்சுக்கொண்டு இருந்தனான்" என்றார்.

அவர் நகத்தால் போனைச் சுரண்டினார்.

"இதென்ன சிவப்பாக் கிடக்குது? பிள்ளைக்குப் பக்கத்தில ஆர் கோடு கீறினது?"

பொய் சொல்லியிருக்கலாம். தாள் பழசு, கறை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த மனிதரை மறைத்துக் காப்பாற்ற மனம் வரவில்லை. சொன்னேன். கமராக்காரர் வெட்டிவிட்டார் அம்மா, பிள்ளை சிரித்ததால் படம் பழுதாகப் போய்விட்டதாம் என்று சொன்னேன்.

அம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். என்னோடு சேர்ந்து ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் படத்தைத் திரும்பவும் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். கோட்டுக்கு அந்தப் பக்கம், தம்பியின் வயிற்றில் இருந்த ஒரு கையின்மேல் விரலை வைத்தார்.

"இது என்ர கை. அண்டைக்கு அவன் நித்திரை வந்து சிணுங்கிக்கொண்டு இருந்தவன். அழுதானெண்டால் சேரின்ர படம் பழுதாப்போடும் எண்டு, நான்தான் பிள்ளை அவனுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினனான்."